வண்டு விழுந்த விதை

1

இந்தக் கதையை என் நாத்தனார் போனில் சொன்னாள். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க அண்ணி. ஆனா என்னை நல்லவளா மட்டும் காட்டிடாதீங்க" என்றாள்.

2

வானத்தில் மேகங்கள் கவிந்து... (வேண்டாம். மூட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.)

விதைக்கு வைத்திருந்த தட்டைப்பயறு மூட்டைக்குள் அவள் கையை விட்டபோது பயறு சுட்டது. விரலில் வண்டுகள் ஊர்ந்தன. மூட்டைகள் இருந்தது மாமனார் படுக்கும் அறையை ஒட்டி. கணவன் விஷப்புகை மாத்திரை வாங்கி வைத்திருந்தான். "அப்பாவை அக்கா வீட்டுல விட்டுட்டு மருந்தைப் போட்டு மூடிடு" என்று சொல்லிவிட்டு வெளியூர் போய்விட்டான்.

மாமனாரும் மருமகளும் ஒரு வருடமாகப் பேசுவதில்லை. (காரணத்தை எழுதி அடித்துவிட்டேன். அவளுக்கே சரியாக நினைவில்லை.)

3

"மாமா கிளம்பணுமாம்" என்று அவள் சுவரிடம் சொன்னாள்.

"நான் எங்கயும் போறதா இல்லையாம்" என்று அவரும் அதே சுவரிடம் சொன்னார்.

"மருந்து நெடி ஆளையே கொன்னுடுமாம்."

"வண்டுக்குப் பயந்து ஓடினான்னு ஊர் சிரிக்குமாம்."

இந்த இடத்தில் அவள் மனம் இளகியது என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். "இளகவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பத்திக்கிட்டு வந்துச்சு."

ஆகவே, பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரைக் குப்பியைத் திறக்காமலே பரணில் வைத்தாள். பயறு முழுவதையும் வெயிலில் கொட்டிச் சலித்தாள். வண்டுகள் உதிர்ந்தன, ஓட்டை விழுந்த பயறு நல்லதோடு சேர்ந்து சல்லடையிலேயே நின்றது. அதைக் கையால்தான் பொறுக்க வேண்டும்.

மாமனார் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அந்தச் சல்லடையை இப்படித் தள்ளும்மா."

இந்த முறை சுவரிடம் அல்ல.

பொறுக்கி முடித்த விதையில் லேசாக எண்ணெய் புரட்டி, டிரம்மில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடினாள்.

4

கணவன் திரும்பினான். விதை பாதிதான் தேறியிருந்தது.

"அப்பா கிளம்பலன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "பண்ணப் போனா. நான்தான் போனைப் பிடுங்கி வச்சுக்கிட்டேன்."

பச்சைப் பொய். (அன்பா, வீம்பா? இரண்டு பத்தி எழுதி இரண்டையும் நீக்கிவிட்டேன்.)

5

எண்ணெய் பட்ட விதை முளைக்குமா என்று கணவனுக்குச் சந்தேகம். ஆனாலும் விதைத்தார்கள். முளைத்தது என்று முடித்தால் கதை இனிக்கும். முளைக்கவில்லை என்று முடித்தால் பழி யார் தலையில் விழும் என்று... நேற்று அவளையே கேட்டேன்.

"இன்னும் ஒண்ணும் தலைகாட்டல அண்ணி. மாமாவும் நானும் வயல்லதான் நிக்கிறோம். இருங்க, அந்தக் கோடியிலேருந்து கையக் காட்டிக் கூப்பிடுறாரு."

போன் துண்டானது. எதற்குக் கூப்பிட்டார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் திரும்ப அழைக்கவில்லை.