பூசாத சாயம்

மாமியார் ஈரத்துண்டால் மருமகளின் கண்ணிமைகளை அழுத்தித் தேய்த்தாள். ஊதா நிறம் போகவில்லை, தோல்தான் கன்றிப்போனது.

"தலை வாரக் கை தூக்க முடியலையாம். கண்ணுக்குச் சாயம் பூச மட்டும் கை வருதாக்கும்!"

"நான் எதுவும் பூசல அத்தை. தானா வந்திருக்கு."

"காலையிலேயே ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றான் கணவன். யாரைக் கேட்டான் என்பது அவனுக்கே தெரியாது. பட்டும் படாமலும் பேசுவதில் அவன் கெட்டிக்காரன்.

அவள் செருப்புக் கடையில் பெட்டி எடுத்துக் கொடுப்பவள். மூன்று மாதமாக மேல்தட்டுக்குக் கை எழவில்லை. தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழ முடியவில்லை. கடையில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், வீட்டில் 'மகாராணி' என்று பெயர் வைத்தார்கள். மகன் இரண்டு தும்மல் போட்டால் டாக்டரிடம் ஓடுகிற வீடு அது. மருமகளுக்கு வந்தால் மட்டும் நோய்க்குப் பெயர் சோம்பேறித்தனம்!

கடைசியில் அவள் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"கையைக் கட்டிக்கிட்டு எழுந்திரும்மா," என்றார் டாக்டரம்மா. நாலு தடவை முயன்றும் நாற்காலியை விட்டு அவளால் எழ முடியவில்லை. டாக்டர் அவள் விரல் முட்டிகளில் இருந்த சிவந்த தடிப்புகளைத் தடவிப் பார்த்தார். பிறகு இமைகளைப் பார்த்தார்.

"இதை யாரு இப்படித் தேய்ச்சது?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "தசை சிதைஞ்சா ரத்தத்துல கலக்குற பொருள் ஒண்ணு இருக்கு. உனக்கு அது முப்பது மடங்கு ஏறியிருக்கு. உடம்பைக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உன் தசையையும் தோலையும் தாக்குதும்மா. மாத்திரை எடுத்தா கை தேறி வரும். முகம் கொஞ்சம் ஊதும், பயப்படாதே. ஆனா நீயா திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து."

சோம்பேறி இல்லை என்று அவளிடம் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

இரண்டு மாதத்தில் முகம் ஊதி உருண்டையானது. கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. முகம் மட்டும்தான் மாமியாரின் கண்ணில் பட்டது.

"நோயாளியை நம்ம தலையில கட்டிட்டாங்கன்னு நாலு பேரு பேசுறாங்க. இனி மாத்திரையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்."

மாத்திரை டப்பாவைப் பிடுங்கி, ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரியின் உச்சியில் வைத்தாள். ஸ்டூலையும் தன் அறைக்கே எடுத்துப்போனாள். மகன் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

மருமகள் அலமாரியின் முன்னால் போய் நின்றாள். குதிகாலை உயர்த்தினாள். தோள் நடுங்கியது, வலித்தது. கை மேலே போனது, இன்னும் மேலே. டப்பா விரலில் பட்டதும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்த மாமியார் கூவினாள்: "பாருடா! கை எப்படி எழும்புது பாரு! இத்தனை நாளும் நடிப்புதானேடா!"

மருமகள் தண்ணீர் ஊற்றி மாத்திரையை விழுங்கினாள். நிதானமாக டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நடிப்புன்னுதானே நினைச்சீங்க? அப்புறம் எதுக்கு அத்தை அவ்வளவு உயரத்துல வெச்சீங்க?"