நல்லசிவத்தின் காதுகளும் நாலு தகடும்

தி.நகரில் பரிசுப்பொருள் கடை வைத்திருக்கும் நல்லசிவம், போன பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலை, கடைவாசல் வெயிலில் கால் வைத்ததும் சுழல ஆரம்பித்தார். வலப்பக்கமாக, அவசரமில்லாமல், கோயிலில் ஆத்மப் பிரதட்சிணம் செய்பவரைப் போல. முதலில் பார்த்தவர் பக்கத்துக் குடைக்கடை மெஹபூப் பாஷா. "இன்னா நைனா, டேபிள் ஃபேன் கணக்கா சுத்திக்கினு கீற?" என்று ஒரு குடையை விரித்துப் பிடித்தார். நிழல் விழுந்ததும் நல்லசிவம் நின்றார். குடையை எடுத்ததும் மறுபடி கிளம்பினார். பாஷா அப்படியும் இப்படியும் செய்து பார்த்துவிட்டு, "வெயில்லதான் ஓடுது" என்று தீர்ப்புச் சொல்லி டீ குடிக்கப் போய்விட்டார்.

வெயிலில் ஓடும் சாமான் நல்லசிவத்துக்குப் புதிதல்ல. அவர் கடை அலமாரியில் வரிசையாக நிற்கிறது: கண்ணாடிக் குமிழ், உள்ளே ஊசிமுனையில் நாலு தகடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் கருப்பு, மறுமுகம் வெள்ளை. சாவியும் இல்லை, பேட்டரியும் இல்லை. வெளிச்சம் பட்டால் சுற்றும். 'வெளிச்சம் தள்ளுது சார்' என்று சொல்லியே காலமெல்லாம் விற்றுவந்தார்.

அவரே அந்தச் சாமானாக மாறியதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைதான் காரணம். நல்லசிவத்தின் காதுகள் சாதாரணக் காதுகள் அல்ல, முறங்கள். இளவயதில் திருநெல்வேலியிலிருந்து வந்து மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கியபோது, ஆடிக்காற்று அவரை அந்தக் காதுகளைப் பிடித்தே அடுத்த பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டது. அப்படிப்பட்டவரின் தலைக்கு மாதாமாதம் சாயம் பூசுவது அவர் மனைவி சுந்தரவல்லி. முன்னால் நின்று வலப்பக்கம், பின்னால் போய் இடப்பக்கம், பிறகு மிச்சம். இது அவள் வழக்கம். முதல் இரண்டும் முடிந்த நேரத்தில் அவர் கைபேசியில் கடைக்கான புதுப் பலகையின் படம் வந்து விழுந்தது.

கடைக்கு ஆரம்பத்திலிருந்தே 'சுந்தரவல்லி ஃபேன்சி ஸ்டோர்' என்றுதான் பெயர். கல்லாவில் உட்கார்ந்து அதை ஆளாக்கியதும் அவள்தான். எண்கணித ஜோசியர் ஒருவர் அந்தப் பெயரின் கூட்டுத்தொகை ஆகாது என்றதும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 'நல்லசிவம் நாவல்டீஸ்' என்று எழுதக் கொடுத்திருந்தார் மனிதர். சுந்தரவல்லி படத்தைப் பார்த்தாள். பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "மிச்சத்த உங்க ஜோசியக்காரரு வந்து பூசுவாரு. அப்படியே உக்காந்திருங்க."

நல்லசிவமும் லேசுப்பட்டவரல்ல. ஆரம்பித்த கைதான் முடிக்க வேண்டும் என்று அதே கோலத்தில் படுத்துவிட்டார். வலக்காதின் முன்புறத்திலும் இடக்காதின் பின்புறத்திலும் வழிந்திருந்த சாயம் ஊறிப்போயிற்று. காலையில் வழக்கம்போல் பவுடர் அடித்தபோது மற்ற இரண்டு புறமும் வெளுத்தன. அவ்வளவுதான், தகடு தயார்.

கத்திரி வெயிலில் அவர் சுற்றிய வேகத்தில் எதிர்க்கடைப் புடவைகள் காய்ந்தன. பனகல் பார்க் புறா ஒன்று அவர் தலையில் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, மயக்கம் தெளிந்து போனது. சுற்றிச் சுற்றி நல்லசிவம் ஒன்றைக் கண்டுகொண்டார்: வெளிச்சம் தள்ளவில்லை. அதுதான் தள்ளுகிறது என்றால், பட்டுத் தெறிக்கும் வெள்ளை முகத்தைத்தான் கூடுதலாகத் தள்ளும். அவர் இடப்பக்கமாகச் சுற்ற வேண்டியிருக்கும். நடப்பது வேறு. கருப்பு முகம் வெயிலைக் குடித்துச் சுடுகிறது. அதன் விளிம்பில் காற்று சூடேறி ஓர் உதை கொடுக்கிறது. குமிழுக்குள்ளும் இதே கதைதான். அதனால் உள்ளே கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். நிறைய இருந்தால் தகட்டை அசையவிடாது. அறவே இல்லாவிட்டால் உதைக்க ஆளில்லை.

அப்படியானால் தெருக்காற்றில் எப்படிச் சுற்றினார் என்று கேட்பவர்கள் உண்டு. நல்லசிவத்தைச் சூழ்ந்திருந்த காற்று சுந்தரவல்லியின் பேச்சு. விடிந்ததிலிருந்து ஓயாமல் பேசுகிறவள், அந்த ஞாயிற்றுக்குப் பிறகு நாளுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள்: "சோறு ஆறுது." அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர் சுற்றிக்கொண்டிருந்தார்.

வைகாசியில் நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, புதுப் பலகையை ஏற்றினார்கள். அன்று மத்தியானம் சுந்தரவல்லி தூக்குச்சட்டியைத் திறந்து வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நல்லசிவம் வெயிலில் போய் நின்றார். காது தகித்தது. உடம்பு அசையவில்லை.

"கரன்ட் கட்டா நைனா?" என்றார் பாஷா.

நல்லசிவம் அலமாரியைப் பார்த்தார். கண்ணாடியில் வெயில் பளீரென்று அடிக்க, ஒரு குமிழிலும் ஒரு தகடும் நகரவில்லை. சுழல்வது நின்றதற்கு வேறு யாராவது என்றால் மகிழ்ந்திருப்பார்கள். அவருக்கோ, இனி இந்த வீட்டில் அந்த ஒரு வாக்கியமும் கிடையாது என்று புரிந்துவிட்டது.

ஏணியைத் தானே இழுத்துப்போட்டு ஏறினார். சந்தனம்கூடக் காயாத பலகையைக் கழற்றிப் பாஷாவிடம் நீட்டினார். காலையில் கழற்றிப் பின்கட்டில் சாத்தியிருந்த பழைய பலகையைக் கொண்டுவந்து மாட்டினார். மாட்டிவிட்டு, இறங்கத் தைரியமில்லாமல் அங்கேயே நின்றார். கல்லாவைப் பார்த்தார். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

"இடதுபக்கம் ஏறியிருக்கு" என்றாள் சுந்தரவல்லி. "கொஞ்சம் இறக்குங்க."

அலமாரியில் ஒரு தகடு அசைந்தது. பிறகு எல்லாம். ஏணி உச்சியில் நல்லசிவம் மெல்ல வலப்பக்கம் திரும்ப ஆரம்பித்தார்.

"பாஷா பாய், ஏணியப் பிடிங்க! இந்த மனுசன் இருக்காரே…"

அடுத்த ஞாயிறு மிச்சத் தலைக்கும் சாயம் பூசினாள். காதுக் கறையை மட்டும் துடைக்கவில்லை. "கடைக்கு ஆகுது, இருக்கட்டும்" என்றாள். வீட்டில் அவள் பழையபடி ஓயாமல் பேசுகிறாள், அங்கே அவர் சுற்றுவதில்லை. கடையில் அளவாகப் பேசுகிறாள். வாசலில் வெயிலை மறைக்கும் படுதாவின் கயிறு கல்லாவுக்குப் பக்கத்தில்தான் கட்டியிருக்கிறது. ஏதாவது முக்கியமாகச் சொல்ல வேண்டுமென்றால், அவர் முகம் தன் பக்கம் வரும்வரை காத்திருந்து, கயிற்றை இழுத்துவிடுகிறாள்.