கம்பெனித் தோட்டம்

…தேங்காயெண்ணெய் என்று எதற்காகச் சொன்னாள், யாராவது கழுத்தைப் பிடித்தா கேட்டார்கள், மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழத்தை இரண்டாவது தடவை எடுக்கும்போது ஆற்றைச் சுற்றிப்பார்க்க வந்த அந்த ஃபெம்கே அம்மாள் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார், ரொம்ப நல்லா இருக்கே, எதுல பொரிச்சது என்று. மத்தியானம் பாமாயில் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் திறந்த ருசிகூட இன்னும் சல்பியாவின் நாக்கில் இருக்கிறது, ஆனால் வாய் தானாகத் தேங்காயெண்ணெய் என்றது. விருந்தாளி மனம் நோகக்கூடாது என்றுதானே… அப்படித்தானா? படகில் ஏறும்போதே ஃபெம்கே சொல்லிவிட்டார், ஹாலந்தில் அவர் வீட்டுக்குள் நாலு வருடமாகப் பாமாயில் நுழைந்ததில்லை, பிஸ்கட், சோப்பு, ரொட்டியில் தடவுகிற வெண்ணெய் வரைக்கும் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிக்காமல் கூடையில் போடுவதில்லை. பக்கத்தில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கணவர், "பாலும் முட்டையும் வாங்கப் போனாக்கூட ஒரு மணி நேரம் ஆகுது, நான் கார்லயே தூங்கிடுவேன்" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், சல்பியாவும் சிரித்தாள், பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டிருந்த ஜுப்ரி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, கம்பெனி, ஃபார்ம், ஃபாரஸ்ட், இந்த மாதிரிச் சொற்கள்தான் புரியும். முகம் தெரியாத யாரோ ஒரு பெண் எங்கோ குளிர் ஊரில் கடை அலமாரி முன்னால் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்று படிப்பது, யோசித்துப் பார்த்தால், தன்னைத்தான், பாமாயிலுக்காகத் தன் வீட்டில் விளைகிற செம்பனைக் குலைகளைத்தான். அதை நினைத்ததும் முதுகில் யாரோ கைவைத்த மாதிரி இருந்தது.

நான்கரை மணி வெயில், ஆற்றுத் தண்ணீர் பால் அதிகமான தேநீர் நிறத்தில், இருவாச்சிப் பறவை ஒன்று குறுக்கே போனது, அதைக் காட்டினாள், பெயர் சொன்னாள், வழிகாட்டியாகப் பதினோரு வருடமாகச் சொல்கிற அதே வாக்கியங்கள் தானாக வருகின்றன, மனம் மட்டும் முன்னாலேயே ஓடி அடுத்த வளைவில் நின்றுகொண்டது. இன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம் அண்ணே, கீழாற்றுப் பக்கம் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று அவருக்குத் தெரியாதா என்ன. படகு வளைந்தது. வலது கரை முழுக்கச் செம்பனை, தண்ணீர் விளிம்பு வரைக்கும் வரிசை வரிசையாக, கடைசி வரிசையின் அடிமண் போன மழையில் சரிந்து வேர்கள் வெளியே தொங்கின, கரைக்கும் பனைக்கும் நடுவில் மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை. அதற்கு அடுத்து ஒரு சின்ன ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் ஜுப்ரி அண்ணனின் துண்டு நிலம், அங்கே மட்டும் முப்பதடி அகலத்துக்குக் காடு அப்படியே நின்றது, அத்தி, காட்டுக் கொடி, எல்லாம். அதில்தான் அது உட்கார்ந்திருந்தது. சிவப்பு முடி, வயிற்றோடு ஒட்டிய குட்டி. ஃபெம்கே வாயைப் பொத்திக்கொண்டார், கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒராங்குட்டான், காட்டு ஒராங்குட்டான், கூண்டில் இல்லாதது. கணவர் கேமராவை இறக்கவே இல்லை.

சல்பியா அந்த முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்துப் பழகிய முகம் அது. போன வருடம் வெயில் காலத்தில் கஸ்ரான், அவள் கணவன், கத்தியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து சொன்னான், "விட்டுடலாமே சல்பியா, ஆத்தங்கரை மரம்தானே, அது பாட்டுக்கு நிக்கட்டும்." அவள்தான் விடவில்லை. "யானை அதுக்குள்ளதான் வந்து ஒளியுது, ஒரே ராத்திரியில நாப்பது நாத்து போச்சே, நீங்களா அதுக்குக் குடத்துல தண்ணி சுமந்தீங்க?" என்றாள். சுமந்தவள் அவள், ஏழு மாத வயிற்றோடு, அந்தக் கோபம் உண்மை, அதில் பொய் இல்லை. ஆனால் கோபம் மட்டும்தானா, அந்த இடத்தில் இன்னும் இரண்டு வரிசை வைக்கலாம் என்று அவள் மனசுக்குள் நட்டுப் பார்க்கவில்லையா? சிவப்புச் சாய டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மரம் மரமாக அடையாளம் வைத்தவள் அவள். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் பட்டணத்திலிருந்து வந்தவர்கள் ஊர்க் கூடத்தில் கூட்டம் போட்டார்கள், வெளிநாட்டில் பாமாயில் வாங்குவதையே நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், காட்டை அழிக்காமல் விளைந்த எண்ணெயாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், ஆற்றோர மரங்களை விட்டுவைத்தால் உங்கள் குலைக்குக் காட்டை அழிக்காதது என்று முத்திரை கிடைக்கும் என்று சொன்னார்கள். அதை ஊர்ப் பாஷையில் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னது யார், அவள்தான், கையை ஆட்டி ஆட்டி. மரத்தை வெட்டமாட்டேன் என்று ஜுப்ரி அண்ணன் கையெழுத்துப் போட்டார். அவள் வீட்டில் யாரும் போடவில்லை. மரங்கள் விழுந்த பிறகு இந்தத் தாய் குட்டியோடு அத்தியைத் தேடி வந்தது, அத்தி இல்லை, தாவ ஒரு கிளை இல்லை, ஒரு பனையின் உச்சியில் ஏறி மூன்று நாள் உட்கார்ந்திருந்தது, மழை வந்தபோது ஓர் ஓலையை ஒடித்துக் குட்டியின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டது. அடுப்படியில் பால்குடிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற சல்பியா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். நாலாம் நாள் ஜுப்ரி அண்ணன் எங்கிருந்தோ தீயணைப்பு வண்டியின் பழைய குழாயை வாங்கிவந்து ஓடைக்குக் குறுக்கே இந்தப் பக்கத்துப் பனைக்கும் தன் பக்கத்து மரத்துக்குமாக இழுத்துக் கட்டினார், தாய் அதைப் பிடித்து அந்தப் பக்கம் போனது.

"இந்த மொட்டைக் கரை யாரோடது?" ஃபெம்கே கேட்டார், குரலில் பள்ளிக்கூடத்து டீச்சர் வந்துவிட்டார். "கம்பெனி" என்றாள் சல்பியா. யோசிக்கவே இல்லை, வாழைப்பழத்துக்குத் தேங்காயெண்ணெய் வந்த மாதிரியே வந்தது. எந்தக் கம்பெனி? தெரியாது மேடம், ரொம்பப் பெரிய கம்பெனி, இங்கே யாரும் வருவதில்லை. ஃபெம்கே ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். பின்னாலிருந்து ஜுப்ரி அண்ணன் ஊர்ப் பாஷையில் மெதுவாகச் சொன்னார், "கம்பெனியா? கஸ்ரான்கிட்ட சொல்றேன், இன்னையிலருந்து ஊரையே மொதலாளின்னு கூப்பிடச் சொல்றேன் அவனை." சிரித்துக்கொண்டேதான் சொன்னார், குத்தலாகக்கூட இல்லை, அதுதான் காது சுட்டது. அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஃபெம்கே திரும்பி, இவருக்கு நிலம் இருக்கா, கேளு, என்றார். கேட்டாள். ஜுப்ரி அண்ணன் ஒளிக்கத் தெரியாத மனிதர். "இருக்குன்னு சொல்லு, அந்த மரத்துக்குப் பின்னால நாலு ஏக்கர் பனை. மரத்த வெட்டாம விட்டேன்னு சொல்லு. அந்தக் குழாய் நான் கட்டினதுன்னு சொல்லு, போட்டோ எடுத்துக்கட்டும்."

சல்பியா வாயைத் திறந்தாள். அவருக்கு நாலு ஏக்கர் செம்பனை இருக்கிறது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மீதியைச் சொன்னால் குழாய் எதற்குக் கட்டினார், இந்தப் பக்கத்து மரம் எங்கே என்று அடுத்த கேள்வி வரும், வந்தால்… ஓ, என்றார் ஃபெம்கே, ஜுப்ரி அண்ணனைப் பார்த்த பார்வை ஒரு படி இறங்கியது, பிறகு திரும்பிக்கொண்டார். ஜுப்ரி அண்ணன் இன்னும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார், போட்டோவுக்கு. திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் நீள மூக்குக் குரங்குகளைக் காட்டினாள், முதலையைக் காட்டினாள், குரல் எப்போதும்போல இருந்தது, அது எப்படி எப்போதும்போல இருக்க முடிகிறது என்று அவளுக்கே புரியவில்லை.

படகுத்துறையில் ஃபெம்கே அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஜுப்ரி அண்ணன் எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். ஃபெம்கே லேசாகத் தலையசைத்துவிட்டுத் துறையின் பலகைப் பாதைமேல் ஏறிப் போனார். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு கயிற்றை எடுக்கத்தான் நீட்டிய மாதிரி கயிற்றை எடுத்தது. அதைப் பார்த்ததும் சல்பியாவின் கால்கள் தாமாகப் பலகைமேல் ஓடின. "மேடம், ஒண்ணு சொல்லணும்." சொன்னாள், மூச்சு வாங்க, அந்த மரங்களை விட்டுவைத்தவர் அவர்தான், குழாய்ப் பாலத்தைக் கட்டியவர் அவர்தான், அந்த மொட்டைக் கரை கம்பெனியுடையது இல்லை, பொய் சொல்லிவிட்டேன், அது… "என் கணவருடையது. அவர் வெட்டிட்டார்."

 ஃபெம்கேயின் முகம் இளகியது, அதை அவள் எதிர்பார்க்கவில்லை. "பாவம் நீ" என்றார், தோளைத் தடவிக்கொடுத்தார், "ஆம்பளைங்க முடிவு பண்ணிட்டா நாம என்ன பண்ண முடியும்." சல்பியா தலையை ஆட்டினாள், ஆமாம் என்பதுபோல. ஃபெம்கே இறங்கிப் போய் ஜுப்ரி அண்ணனின் எண்ணெய்க் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு விடுதிப் பக்கம் நடந்தார்.

"என்னாச்சு இந்தம்மாவுக்கு திடீர்னு?" என்றார் ஜுப்ரி அண்ணன். மரத்தைப் பத்திச் சொன்னேன் அண்ணே, உங்க மரத்தை, எங்க கரையையும்… "அதையுமா? என்னன்னு சொன்னே?" அவர் வெட்டினார்னு. "கஸ்ரானா" என்றார் அவர், கேள்வியாகக்கூட இல்லை, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. சாய டப்பாவோடு அவள் மரம் மரமாக நடந்த அன்றைக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் அவர் வலை காயப்போட்டுக்கொண்டு நின்றார். இப்போது எஞ்சினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பாதையில் ஃபெம்கேயின் வெள்ளைத் தொப்பி இன்னும் தெரிந்தது, கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், ஆங்கிலத்தில் நான் என்பதற்கு ஒரே ஓர் எழுத்து, பதினோரு வருடமாகத் தினமும் நூறு தடவை சொல்கிறாள், நான் உங்கள் வழிகாட்டி, நான் முன்னால் உட்காருகிறேன், நான் காட்டுகிறேன் பாருங்கள்… பொய் சொன்னேன் என்பதற்குக்கூட அது வந்ததே, அடுத்த மூச்சில் வெட்டியது யார் என்ற இடத்தில் மட்டும் அது ஏன் வாயில் வரவில்லை, இப்போதுகூட, தொப்பி மறைகிற இந்த நேரத்தில்கூட…