இருபது நிமிடம்

நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்த பத்தாம் நாள், திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, பிரிட்டா டாலஃப்சன் வழக்கம்போலப் பள்ளிப் பேருந்தில் ஏறினாள். ஏறியதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அவள் ஏறும் இடத்தில் இனி நிறுத்துவதில்லை என்றுதான் ஓட்டுநர் வெர்னா இருந்தாள். வண்டி தானாக நின்றது, கதவு திறந்தது, முதல் படி ஏழு வயதுப் பிள்ளையின் கனத்துக்கு ஒருமுறை அமுங்கி எழுந்தது. நாலாவது இருக்கையின் சன்னலில் மூச்சுக்காற்று படிந்தது. அதில் ஒரு விரல் பூனை முகம் வரைந்தது. மறுநாளும் அப்படியே நடந்தது. மாதக் கடைசியில் வந்த வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்து, நாற்பத்தெட்டு பவுண்டு கூடுதல் எடை, காரணம் தெரியவில்லை, ஓட்டத் தகுதியானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பள்ளி வாரியம் அட்டவணையில் நாற்பது விநாடியைச் சேர்த்தது. அந்த இருக்கையில் மற்றப் பிள்ளைகள் உட்காருவதில்லை. "என் வண்டியில கத்தாம வர்றது அவ ஒருத்திதான்" என்று வெர்னா காப்பிக் கடையில் சொல்வாள். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

பிரிட்டாவின் அப்பா கர்ட்டிஸ் பண்ணைகளுக்கு எரிவாயு கொண்டுபோய் நிரப்புகிறவன். அவன் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது வேறொன்று. முன்பெல்லாம் பேருந்து மண்சாலையில் சுற்றித் திரும்பி, இவர்கள் வீட்டு வாசலிலேயே ஆறு இருபதுக்கு நிற்கும். பிரிட்டா தூக்கப் பிரியை. சாப்பாட்டு மேசையில் ரொட்டியைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிடுவாள். பிள்ளைமேல் இரக்கப்பட்டு, கர்ட்டிஸ் ஒரு செவ்வாய்க்கிழமை வாரியக் கூட்டத்துக்குப் போனான். பேச விரும்புகிற யாருக்கும் அங்கே மூன்று நிமிடம் உண்டு. பச்சை விளக்கில் தொடங்கி, சிவப்பு எரிந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். வாழ்நாளில் ஒலிபெருக்கி முன் நின்றிராத அந்த மனிதன், என் மகள் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று கேட்டான். வாரியம் கேட்டதைக் கொடுத்தது. சுற்றுப்பாதையை எடுத்துவிட்டார்கள். வண்டி நேராக வந்து நெடுஞ்சாலையின் அந்தப் பக்கம் ஆறு நாற்பதுக்கு நின்றது. பிள்ளை சாலையைக் கடந்து போய் ஏற வேண்டும். இருபது நிமிடத் தூக்கம் கூடுதலாகக் கிடைத்தது. கிடைத்தது பதினாறு நாள். பதினேழாம் நாள் மூடுபனி. கிழங்கு ஏற்றிவந்த லாரிக்காரனுக்கு, மற்ற வண்டிகளை நிற்கச் சொல்லும் பேருந்தின் சிவப்பு விளக்குகள் தெரியவில்லை.

துக்கத்துக்கு ஊர் கண்ணாடிப் பாத்திரங்களில் உருளைக்கிழங்கும் கறியும் வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தது. அடியில் பெயர் ஒட்டிய பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருவது எங்கள் பக்கத்து வழக்கம். பிரிட்டாவின் அம்மா ஜனெல் ஒன்றைக்கூடத் திருப்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவள் தினமும் காலையில் சன்னலுக்கு வந்து நிற்பாள். எதிரே பேருந்தின் உள்விளக்கில் பூனை முகம் தெரியும். கை ஆட்டுவாள். பிறகு அன்றைக்குப் பல் தேய்க்கவும் வேலைக்குப் போகவும் அவளுக்கு முடிந்தது. இரண்டு வருடம் அப்படி ஓடியது. நடுவில் ஒரு வாரம் மட்டும், அந்தப் பக்கச் சாலையைத் தோண்டிப்போட்டிருந்ததால், வண்டி பழையபடி சுற்றி இவர்கள் வாசலுக்கு வந்தது. அந்த வாரம் முழுக்கப் படி அமுங்கவில்லை, நாலாவது சன்னல் வெறும் கண்ணாடியாக இருந்தது. ஜனெல் ஐந்து நாளும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. கடந்து ஏறினால்தான் அவள் வருகிறாள் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

மூன்றாம் வருடம் பக்கத்து வீட்டுக்கு ரொசால்பா குடிவந்தாள், வான்கோழிக் கறி ஆலையில் வேலை. அவள் மகள் மாரிபெல்லுக்கு ஐந்து வயது. ஏற வேண்டியது அதே இடத்தில். குளிர்காலம் பிறந்தால் ரொசால்பாவுக்கு வேலை ஐந்தரைக்கே தொடங்கும். கையைப் பிடித்துக் கடத்திவிட ஆள் கிடையாது. வண்டி பழையபடி வாசலுக்கே வரட்டும் என்று அவள் வாரியத்தின் முன் நின்று ஸ்பானிய மொழியில் பேசினாள், ஆலைத் தோழி ஒருத்தி மொழிபெயர்த்தாள். அதனால் மூன்று நிமிடம் ஒன்றரையாகிவிட்டது. மகளின் பெயரைச் சொல்லும்போதே சிவப்பு எரிந்தது. டிராக்டர் விற்கும் லைல்தான் வாரியத் தலைவர், கெட்டவர் அல்ல. நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். கடைசி வரிசையில் இருந்த கர்ட்டிஸ் வெளியே வந்து வண்டியில் ஏறி, சாவியைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். மறுவாரம் வாரியத் தேர்தலுக்குப் பெயர் கொடுத்தான்.

நெடுஞ்சாலை நெடுகிலும் புல்தரைகளில் அவன் பெயர்ப்பலகை முளைத்தது. அவன் வீட்டு வாசலில் மட்டும் இல்லை. ஜனெல் நட விடவில்லை. மாதாகோவில் கீழ்த்தளத்தில் நடந்த கேள்வி நேரத்தில் எதற்காக நிற்கிறாய் என்று கேட்டார்கள். மற்றவர்கள் கணிதப் புத்தகத்தையும் கூடைப்பந்துத் தளத்தையும் பற்றி நீளமாகப் பேசினார்கள். கர்ட்டிஸ், "நான் தப்பா ஒண்ணு கேட்டுட்டேன். அதத் திருப்பிக் கொடுக்கணும்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தான். பதினொரு ஓட்டில் ஜெயித்தான். வீட்டுக்கு வந்ததும் ஜனெல் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றிருந்தாள்.

"நான் உனக்கு ஓட்டுப் போடல."

"தெரியும்."

"அந்தப் பிள்ளைக்கு நான் கெட்டது நினைக்கல கர்ட்டிஸ். தினம் நானே கையப் பிடிச்சுக் கடத்தி விடறேன். மழையோ பனியோ. எழுதி வேணும்னாலும் தர்றேன்."

"ஒரு நாள் உனக்குக் காய்ச்சல் வரும். எனக்குச் சக்கரம் பனியில மாட்டும். ஒரு நாள் போதும் ஜனெல். நமக்கு ஒரு நாள்தானே."

அவள் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பிறகு, "அவள ரெண்டாவது தடவையும் நீயேதான் அனுப்புற" என்றாள். இந்த ஒரு வாக்கியத்தைக் கர்ட்டிஸ் சாகும்வரை சுமப்பான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது, அவள் சொன்னதைப் பொய் என்று சொல்லவும் எங்களால் முடியவில்லை.

ஜனவரி இரண்டாவது செவ்வாயன்று பதவியேற்றுக்கொண்டு, அதே கூட்டத்தில், பழைய சுற்றுப்பாதையைத் திரும்பக் கொண்டுவரும் தீர்மானத்தை முன்வைத்தான். ஏழு பேர் கொண்ட வாரியம். மூன்று பேர் ஆதரித்தார்கள், மூன்று பேர் டீசல் செலவைச் சொல்லி எதிர்த்தார்கள். லைல் குரலைத் தாழ்த்தி, "கர்ட்டிஸ், நீ ஒதுங்கிக்கிட்டா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்" என்றார். பின்வரிசையில் இருந்த ஜனெல் எழுந்து வெளியே போனாள். கர்ட்டிஸ் தன் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்து உயர்த்தினான். தீர்மானம் நிறைவேறியது என்று எழுத்தர் பதிவுசெய்தார். ரொசால்பா அழுதாள். அவளுக்கு இது எந்த விலைக்குக் கிடைத்தது என்பதை அன்று யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. ஆறு இருபதுக்குப் பேருந்து மண்சாலையைச் சுற்றி வந்து இவர்கள் பக்கம் நின்றது. மாரிபெல் ஏறினாள். படி ஒரேயொரு முறை அமுங்கியது. வெர்னா கதவை உடனே சாத்தாமல் நாற்பது விநாடி திறந்தே வைத்திருந்தாள், பனிக்காற்று உள்ளே வீசியும் ஒரு பிள்ளைகூட முணுமுணுக்கவில்லை. நாலாவது சன்னல் சுத்தமாக இருந்தது. வாசலில் நின்ற கர்ட்டிஸைப் பார்த்து வெர்னா தலையை மட்டும் அசைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். அவன் சாலையின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு, தாடியில் கண்ணீர் உறையும்வரை நின்றான்.

உள்ளே வந்தபோது சமையலறைச் சன்னலில் ஜனெல் இல்லை. அந்தச் சன்னலைப் பார்க்கப் பொறுக்காமல் மாடிக்குப் போய், இரண்டு வருடமாகத் திறக்காத மகளின் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கர்ட்டிஸ் பூட்ஸ் காலோடு படியேறி வாசலில் நின்றான். மன்னிப்பு கேட்கத்தான் வந்திருந்தான். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா. தூங்கறா."

தலையணையில் சிறு குழி விழுந்திருந்தது. போர்வை ஒரு தோளளவுக்கு உயர்ந்து, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆறு நாற்பதுக்குப் போர்வை தணிந்தது, தலையணை நிமிர்ந்தது, அறை வெறும் அறையாயிற்று. பூனை முகத்தை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. கை ஆட்ட ஜனெலுக்கு யாரும் இல்லை. அவள் பாத்திரங்களைக் கழுவி, அடியிலுள்ள பெயரைப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அந்த நேரத்தில் கர்ட்டிஸ் வண்டியைக் கிளப்புவதில்லை. குளிரில் எங்கள் வீட்டில் எரிவாயு தீர்ந்துபோனாலும், ஆறு நாற்பது ஆகட்டும் என்று காத்திருந்துதான் அவனுக்குப் போன் செய்கிறோம்.