சிவப்பு டேக் கட்டிய நாவல்

கம்பெனி பஸ்ஸில் பாட்டு ஸ்பீக்கர் ரிப்பேர் ஆனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். பிள்ளைப்பாக்கத்தில் ஏறினால் ஒரகடம் போய்ச் சேர முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் முப்பது பெண்கள் வாயை மூடிக்கொண்டு வருவதாவது? நடக்கிற காரியமா அது! அதனால் வேல்விழி கதை சொல்ல ஆரம்பித்தாள்.

வேல்விழிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஹாஸ்டலில் தங்கி, காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். ஸ்ரீபெரும்புதூர் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த நாவல் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. சாயங்காலம் இரண்டு அத்தியாயம் படிப்பாள், மறுநாள் காலை பஸ்ஸில் சொல்வாள். சும்மா சொல்லக் கூடாது, கதாநாயகி கோமளத்துக்குக் கல்யாணம் ஆன அன்று பஸ்ஸே கைதட்டியது. டிரைவர் சுப்பராயன்கூட ஒரு ஹாரன் அடித்தார்.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் வந்தது வினை. கோமளத்தின் புருஷன் குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், ஊரில் அவ்வளவு நல்ல பெயர். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் ஆளே வேறு. சாம்பாரில் உப்புக் குறைந்ததற்கு அவள் கையைத் தோசைக்கல்லில் வைத்து அழுத்தினான், பாவி. அதைப் படித்த பிறகு வேல்விழிக்கு இரண்டு நாளாகத் தோசை இறங்கவில்லை. ஹாஸ்டல் தோசை என்பதால் பெரிய நஷ்டமில்லைதான், ஆனாலும் பசித்தது.

"ஏட்டி, ஒரு பொஸ்தகத்துக்கா இப்பிடி மூஞ்சி செத்துப்போய் இருக்க? மூடி வையி, சோலி முடிஞ்சிது," என்றாள் அறைத் தோழி மாரிசெல்வி.

"மூடுனா பஸ்ல என்னத்தட்டி சொல்லுவேன்?"

"நீயா எதையாவது அளந்து விடு. எவ வந்து செக் பண்ணப் போறா?"

அதுவரை வேல்விழி பக்க அடையாளத்துக்குக் கம்பெனியின் மஞ்சள் டேக்கைத்தான் வைத்திருந்தாள். லைனில் வரும் பீஸ் நன்றாக இருந்தால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், ஆகவே ஆகாது என்றால் சிவப்பு. அன்று மஞ்சளை உருவிப் போட்டுவிட்டு, சிவப்பு டேக்கை எடுத்து நாவலைச் சுற்றிக் கட்டினாள். தலைமுழுகியாயிற்று. மனசு லேசானது.

மறுநாள் பஸ்ஸில் கூசாமல் அளந்தாள். புருஷன் காலில் விழுந்து அழுதான், மூக்குத்தி வாங்கிக் கொடுத்தான், இருவரும் கொடைக்கானல் போனார்கள். பின் சீட்டிலிருந்து விசில் பறந்தது.

டீ பிரேக்கில் உமாதேவி தேடி வந்தாள். உள்ளூர்க்காரி, முப்பது வயது. பஸ்ஸில் வேல்விழிக்குப் பக்கத்து ஜன்னல் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டே வருவாள், தூங்குகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். போன மாதம் கையில் கட்டோடு வந்தபோது வேல்விழி என்னவென்று கேட்டதற்கு, இஸ்திரிப் பொட்டி சுட்டுடுச்சு என்றாள். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

"இன்னா வேலு, பொய்தான சொன்ன? அந்தாளு திருந்த மாட்டான். புக்குல இன்னா போட்டுகீது?"

"தெரியாதுக்கா. அதுக்கு மேல படிக்க முடியல. ரொம்பக் கொடூரமா இருக்கு, விட்டுட்டேன்."

"வுடாத. அவ அந்த வூட்ட வுட்டு வெளிய வந்தாளா இல்லியான்னு எனக்குத் தெரியணும். நானே படிச்சிக்குவேன், ஆனா வூட்டுக்கு புக்கு எடுத்துகினு போவ முடியாது."

ஏன் என்று வேல்விழி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து சிவப்பு டேக்கை அவிழ்த்தாள். படித்தாள், பல்லைக் கடித்தாள், அவனை வாய்விட்டுத் திட்டினாள், மாரிசெல்வியின் துப்பட்டாவில் மூக்கைச் சிந்தினாள். "அடிப்பாவி, இப்பத்தான் தொவச்சிப் போட்டேன்!" என்று மாரிசெல்வி கத்தியதுகூடக் காதில் விழவில்லை. வெயில் தாழ்வதற்குள் புத்தகம் முடிந்துவிட்டது.

கோமளம் வெளியே வரவில்லை. செத்துப்போனாள்.

பேசாமல் கதையைக் கொடைக்கானலிலேயே விட்டிருக்கலாம் என்று வேல்விழிக்கு ஆத்திரமாக வந்தது. இன்னொரு பொய் சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் உமாதேவியின் முகத்தைப் பார்த்துப் புளுக அவளால் ஆகாது.

திங்கட்கிழமை டீ பிரேக்கில் சொல்லிவிட்டாள். "வரலக்கா. செத்துட்டா."

உமாதேவி அழவில்லை. கொஞ்ச நேரம் டீயை ஆற்றினாள். பிறகு, "எந்த ஸ்டேஷன்ல வுட்டாங்க?" என்று கேட்டாள்.

பழுதான பீஸ் ஒன்று லைன் முழுக்கத் தாண்டிக் கடைசிவரை வந்துவிட்டால் கம்பெனியில் முதல் கேள்வி அதுதான். லைனில் ஆள் நின்று வேலை பார்க்கும் ஒவ்வொரு இடமும் ஒரு ஸ்டேஷன்; எந்த ஸ்டேஷனில், யார் கண்ணில் பட்டும் விட்டுவிட்டார்கள்? வேல்விழி பையிலிருந்து நாவலை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள். நூற்று நாற்பத்தெட்டாம் பக்கம். பால் ஊற்ற வந்த கனகம், கையில் என்னம்மா காயம் என்று கேட்கிறாள். கஞ்சி கொட்டிவிட்டது என்கிறாள் கோமளம். கனகம் பாலை ஊற்றிவிட்டுப் போய்விடுகிறாள்.

"இங்கதான்க்கா. இவ இன்னொரு வாட்டி கேட்டுருக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சுரீரென்று வெட்கமாக இருந்தது. ஒரு மாதமாக இந்த அக்காவின் பக்கத்து சீட்டில்தான் அவள் போய் வந்துகொண்டிருந்தாள். புத்தகத்தை மூடினாள்.

"அக்கா, போன மாசம் உங்க கையில என்ன காயம்?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே, இஸ்திரிப் பொட்டி."

"இன்னொரு வாட்டி கேக்கேன்."

மணி அடித்தது. எல்லோரும் டம்ளரைப் போட்டுவிட்டு லைனுக்கு ஓடினார்கள். சூப்பர்வைசர் வாசலில் நின்று இவர்களைப் பார்த்துக் கை தட்டினார். உமாதேவி எழுந்திருக்கவில்லை.

"எங்க வூட்ல இஸ்திரிப் பொட்டியே கெடயாது வேலு," என்றாள்.