அர்த்தம் சொன்னவர்

"துடைச்சிட்டு எழுதுக்கா. பத்து மணிக்கு அமரர் ஊர்தி வந்துடும்," என்று ஈரத்துணியையும் சாக்பீஸையும் அவள் கையில் திணித்துவிட்டுத் தம்பி நாற்காலி எடுக்கப் போனான். அப்பா இறந்த செய்தியை அவருடைய சைக்கிள் கடை வாசல் கரும்பலகையில் எழுதினால் போதும், தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதைப் படிக்காமல் அந்த வழியே போகிறவர் யாருமில்லை.

இருபது வருடமாக அப்பா அதில் தினமும் பழைய ஆங்கில இலக்கியத்திலிருந்து ஒரு வரி எழுதினார். வாழ்க்கை, காதல், இந்த இரண்டைப் பற்றித்தான். பஞ்சர் ஒட்டுகிற மனிதருக்குக் காதல் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கல்லூரி நாட்களில் அவளுக்கு மானமே போகும். இன்றுவரை கடையை ஒட்டிய வீட்டுக்குள் பின்வாசல் வழியாகத்தான் வருவாள். அவளே ஆங்கிலப் பேராசிரியை ஆன பிறகு தொல்லை போனில் தொடர்ந்தது. காலை ஏழு மணிக்கு ஒரு வரியைத் தப்பும் தவறுமாகப் படித்துவிட்டு, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்பார். அடுப்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று நிற்கும் நேரம். வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்துவிடுவாள்.

நேற்றும் அப்படித்தான். "அன்பு இருந்தா எல்லாம் சரியாயிடும்னு அர்த்தம்ப்பா, வச்சிடவா?" பாதி வரிகூட அவள் காதில் விழவில்லை.

அந்த வரி இப்போது பலகையில் இருந்தது. முதல்முறையாக முழுதாகப் படித்தாள். கீழே அப்பாவின் குண்டுக் கையெழுத்தில் தமிழ்: 'அன்பு எதையும் சரிசெய்துவிடாது. சரியாகாததன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சொல்லித்தரும்.' சரியான அர்த்தம். அவள் சொன்னதற்கு நேர் எதிர். அதற்கும் கீழே சின்னதாக: 'அர்த்தம் சொன்னவர்: என் மகள், பேராசிரியை.'

நாற்காலிகளோடு வந்த தம்பியிடம் கேட்டாள், "இந்த அர்த்தத்தை யார் சொன்னது?"

"அவரேதான். முந்தின நாளே டிக்‌ஷனரிய வச்சிக்கிட்டு எழுதிடுவார்."

"அப்புறம் எனக்கு எதுக்குப் போன்?"

தம்பி ஒரு நாற்காலியை விரித்தான். "நீ சொல்றதும் சரியா இருந்தா அன்னிக்குப் பூரா குஷியா இருப்பார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன வருஷம் ஒரு தடவ சரியாச் சொன்னே," என்றான்.

தபால்காரர் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார். "பேராசிரியை நீங்கதானாம்மா? என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா கிடந்தப்ப உங்க அர்த்தத்தப் படிச்சுதான் நாளத் தள்ளினேன்." கைகூப்பினார்.

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். "உள்ள போய் அப்பாவப் பாருங்க," என்று மட்டும் சொன்னாள்.

அவர் போனதும் 'என் மகள், பேராசிரியை' என்பதை மட்டும் அழுத்தித் துடைத்தாள்.

"முழுசாத் துடைச்சிடுக்கா. எங்க எழுதுவே?"

"இந்த இடம் போதும்."

குனிந்து, அங்கே அப்பாவின் பெயரை எழுதத் தொடங்கினாள். ஈரத்தில் சாக்பீஸ் பிடிக்கவில்லை. புறங்கையால் ஒற்றிவிட்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடி எழுதினாள்.