மதிய விலை

வரிப் பாக்கியைச் சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் கடைக்குச் சீல் என்று நகராட்சி சொல்லிவிட்டது. பழைய இரும்புக் கடைக்காரரிடம் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் அது மருமகனின் செல்போனுக்குள் கிரிப்டோ காயினாகக் கிடந்தது.

யோசனை மருமகனுடையது, தலையாட்டியது இவர். சும்மா ஆட்டவில்லை. முன்பு ஒரு தடவை சர்க்கார் ராத்திரியோடு ராத்திரியாக நோட்டு செல்லாது என்றது. வங்கி வாசலில் நின்று நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். பெட்டியில் இருந்ததில் பாதி வெறும் காகிதமானது. அதனால் இவரிடம் செம்பு வாங்கும் வியாபாரி, "செம்புக்குப் பணத்தைக் காயினா அனுப்பட்டுமா?" என்று கேட்டபோது, சர்க்கார் கை படாத பணத்தையும்தான் பார்ப்போமே என்று விட்டுவிட்டார்.

காலையில் மருமகன் போனை நீட்டினான்.

"மாமா, இப்ப மாத்தினா வரி போகக் கொஞ்சம் மிச்சமே நிக்கும். மாத்திடட்டுமா?"

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. மதிய விலை வரட்டும்."

"இது செம்பு இல்ல மாமா. இதுக்குக் காலை, மதியம்னு எதுவும் கிடையாது."

"விலைன்னு ஒண்ணு இருந்தா மதிய விலைன்னு ஒண்ணு இருக்கும். எனக்கே வியாபாரம் சொல்லித் தர்றீங்களா?"

செம்பு விலை மதியம்தான் பேசி முடிவாகும். காலையில் விற்கப் போனால் வாங்குகிறவன் இளித்துக்கொண்டே அடிமாட்டு விலைக்குக் கேட்பான். ஆயுள் முழுக்க மதியத்துக்குக் காத்திருந்தே பிழைத்த மனுஷர் இவர். இன்றும் காத்திருந்தார்.

மதியம் வந்தது. காயின் விலை காலையில் இருந்ததில் பாதிக்குச் சற்று மேலே நின்றது. எங்கோ ஒரு பணக்காரன் மொத்தமாக விற்றுவிட்டானாம். மருமகன் விலையைக் காட்டிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை, சண்டை போட்டாவது மனம் ஆறியிருக்கும்.

"திரும்ப ஏறும் மாமா," என்றான் கடைசியில். "ஒரு நாள் உலகம் பூரா இதுதான் பணம். சர்க்கார் நோட்டெல்லாம் மியூசியத்துலதான் இருக்கும்."

"இருக்கட்டும். அந்த ஒரு நாள் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துடுமா?"

வரி வசூல்காரர் அரக்கும் பூட்டும் வைத்த பையோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சார், காயினா எடுத்துக்குவீங்களா?" மருமகன் கேட்டே விட்டான்.

"தம்பி, நானே இதுல போட்டுட்டு முழி பிதுங்கி நிக்கிறேன். ஆபீஸ்ல இதைக் காட்டினா என்னையும் சேர்த்துச் சீல் வெச்சிடுவாங்க. நோட்டு இருந்தா குடுங்க."

தெருமுனைச் செல்போன் கடைக்காரர் கமிஷனைப் பிடித்துக்கொண்டு காயினை நோட்டாக்கிக் கொடுத்தார். போதவில்லை. இவர் பக்கத்து இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டு, குடோனில் இருந்த செம்பு அத்தனையையும் காட்டினார்.

"அண்ணே, உங்க அவசரம் தெருவுக்கே தெரியுது. இதுல நான் நல்ல விலை சொன்னா ஊரு என்னைப் பைத்தியம்னு சொல்லும்."

"சரி, எடுத்துக்கோ."

தராசு முள்ளை யாரையும் நம்பிப் பார்க்க விடாதவர், அன்று எடை போடும்போது எழுந்துகூடப் போகவில்லை.

வரி வசூல்காரர் நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், தடவினார், திருப்பினார், மறுபடி தூக்கிப் பிடித்தார்.

"என்ன சார், உங்க சர்க்கார் அடிச்ச நோட்டுதானே? உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"யாரைத்தான் நம்புறது பெரியவரே?" ஒன்றைத் தனியாக ஒதுக்கினார். "இது சந்தேகமா இருக்கு. வேற குடுங்க."

இவர் வீட்டுச் செலவுக்கென்று சட்டைப்பையில் வைத்திருந்ததை எடுத்து நீட்டினார். அதையும் அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ரசீது கிழித்தார். பூட்டு பையை விட்டு வெளியே வராமலே திரும்பிப் போனது.

கடை தப்பியது. விற்க உள்ளே துருப்பிடித்த தகரம்தான் பாக்கி.

"மாமா," மருமகன் போனிலிருந்து நிமிர்ந்தான். "லேசா ஏறுது."

"ஏறட்டும் மாப்பிள்ளை. ஷட்டரை அந்தப் பக்கம் பிடிங்க. என்னால தனியா இழுக்க முடியல."